முகச் சுருக்க சிகிச்சை: ஊசியும் களிம்பும் செய்வது என்ன?

நெற்றியிலும் கண்ணோரத்திலும் விழும் சுருக்கங்களைப் போக்குவதாகக் கூறும் விளம்பரங்கள் சிறு நகரங்களின் அழகு நிலையங்கள் வரை வந்துவிட்டன. அவற்றில் போடாக்ஸ், ஃபில்லர் ஆகிய இரு சொற்களும் ஒரே பொருளில் புழங்குகின்றன. உண்மையில் இவை வெவ்வேறானவை. இரண்டுமே ஃபேஷியல் போன்று யாரும் செய்துவிடக்கூடியவை அல்ல.

போடாக்ஸ் என்பது வணிகப் பெயர். கிளாஸ்டிரிடியம் போட்டுலினம் எனும் பாக்டீரியா உண்டாக்கும் நச்சே இம்மருந்து. கெட்டுப்போன உணவின் வழியே உடலில் புகுந்தால் சுவாசத் தசைகளை முடக்கி உயிரைப் பறிக்கக்கூடிய இந்நச்சு, மிக நுண்ணிய அளவில் ஊசி மூலம் செலுத்தப்படுகிறது. தசையைச் சுருங்கத் தூண்டும் அசெட்டில்கோலின் நரம்பு முனையிலிருந்து வெளியேறுவதை அது தடுக்கிறது. தசை தளர்வதால் அதன் மேலுள்ள தோலும் மடிவதில்லை.

முதலில் மாறுகண் சிகிச்சைக்கே இது பயன்பட்டது. கனடாவின் வான்கூவர் நகரில், கண் இமைத் துடிப்புக்கு இவ்வூசியைச் செலுத்தி வந்த கண் மருத்துவர் ஜீன் கேருதர்ஸ், புருவங்களுக்கு இடையிலான கோடுகள் மறைவதை 1980-களில் கவனித்தார். தோல் மருத்துவரான தம் கணவர் அலஸ்டருடன் சேர்ந்து 1992-இல் அவர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2002-இல் இப்பயன்பாட்டுக்கு ஒப்புதல் அளித்தது.

பலன் சில நாள்களில் தெரியத் தொடங்கி, மூன்று அல்லது நான்கு மாதங்களில் மறைந்துவிடும். அதாவது, இது ஒரு முறைச் செலவு அன்று. ஊசி இடம் தவறினால் இமை தொங்கிப்போகலாம். கர்ப்பிணிகளுக்கும், தசைகள் விரைவில் சோர்வடையும் 'மயஸ்தீனியா கிராவிஸ்' நோயாளிகளுக்கும் பொதுவாக இது பரிந்துரைக்கப்படுவதில்லை. போலி மருந்து மற்றோர் ஆபத்து. 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் 11 மாநிலங்களில் 22 பேர் போலியான அல்லது முறையற்ற ஊசிகளால் பாதிக்கப்பட்டதாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் தெரிவித்தது.

ஃபில்லர், குழி விழுந்த இடத்தை நிரப்புவது. பெரும்பாலும் ஹயலூரோனிக் அமிலக் கூழே பயன்படுகிறது. அது தவறுதலாக ரத்த நாளத்துக்குள் சென்றால், அரிதாகப் பார்வையே பறிபோகக்கூடும்.

இந்தியாவில் ஊசியைவிடப் பரவலான சிக்கல் களிம்புகளில்தான் உள்ளது. டிரெட்டினோயின் நெடுநாள் பயன்பாட்டில் மெல்லிய சுருக்கங்களைக் குறைப்பது உண்மையே. ஆனால் அதனுடன் ஹைட்ரோகுவினோன், ஸ்டீராய்டு ஆகியவற்றைக் கலந்த களிம்பை, மருத்துவர் சீட்டின்றி வாங்கி மாதக்கணக்கில் பூசுவோர் பலர். முதல் சில வாரங்களில் முகம் பளிச்சிடும். பின்னர் தோல் மெலிந்து, சிவந்து, பருக்களும் முடியும் தோன்றும். களிம்பை நிறுத்தினால் எரிச்சல் அதிகரிப்பதால், பலரும் அதையே மீண்டும் தேடுகின்றனர். பூசும் ஸ்டீராய்டு மருந்துகள் 14-ஐ மத்திய அரசு 2018 மார்ச்சில் மருத்துவர் சீட்டு கட்டாயமான பட்டியலின்கீழ் கொண்டுவந்தது.

மிக எளிய வழிக்கோ வலுவான சான்று உள்ளது. ஆஸ்திரேலியாவின் நம்பூர் நகரில் 903 பேரிடம் நான்கரை ஆண்டுகள் நடந்த ஆய்வில், நாள்தோறும் சன்ஸ்கிரீன் பூசியவர்களிடம் தோல் முதுமை, விரும்பியபோது மட்டும் பூசியவர்களைவிட 24 சதவீதம் குறைவாக இருந்தது. முடிவுகள் 2013-இல் வெளியாயின. சுருக்கத்தை உண்டாக்கும் யுவிஏ கதிர்கள் சாதாரண ஜன்னல் கண்ணாடியையும் ஊடுருவும் என்பதால், நீண்ட நேரம் வாகனம் ஓட்டுவோருக்கும் இது பொருந்தும்.