சூப்பர் மாரியோ கார்ட்: வட்டாரப் பதிப்புகள்

சூப்பர் மாரியோ கார்ட் என்பது நின்டெண்டோ நிறுவனம் தன் சூப்பர் ஃபாமிகாம் கருவிக்காக உருவாக்கிய பந்தய நிகழ்பட ஆட்டம். சப்பானில் 1992 ஆகத்து 27 அன்று வெளியானது. அடுத்த மாதம் வட அமெரிக்காவிலும், 1993 சனவரியில் ஐரோப்பாவிலும் விற்பனைக்கு வந்தது.

எட்டு ஓட்டுநர்களும் இருபது ஓடுதடங்களும் எங்கும் ஒன்றே. சில பெயர்கள் மட்டும் மாறின. சப்பானியரின் கினோப்பியோ பிற நாடுகளில் டோட் ஆனான். சப்பானியப் பதிப்பில் வெற்றி பெற்ற இளவரசி பரிசு மேடையில் சாம்பெயின் குடிப்பாள், கன்னம் சிவந்துவிடும். சிறுவர் ஆடுவது என்பதால் வெளிநாட்டுப் பதிப்புகளில் இக்காட்சி மாற்றப்பட்டது.

இவை கண்ணுக்குத் தெரியும் மாற்றங்கள். ஆடுபவரை உண்மையில் பிரித்தது தொலைக்காட்சிப் பெட்டிதான். சப்பானிலும் அமெரிக்காவிலும் இருந்த என்.டி.எஸ்.சி. முறையில் திரை நொடிக்கு ஏறத்தாழ 60 முறை புதுப்பிக்கப்படும், ஐரோப்பாவின் பி.ஏ.எல். முறையில் 50 முறைதான். அக்கால ஆட்டங்கள் பல, திரை புதுப்பிக்கப்படும்போதெல்லாம் வண்டி ஒரு படி நகருமாறு எழுதப்பட்டவை. திருத்தாமல் ஐரோப்பாவுக்கு அனுப்பினால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். பி.ஏ.எல். திரையில் வரிகள் கூடுதல் என்பதால் படம் அமுங்கி, மேலும் கீழும் கருப்புப் பட்டைகள் விழும். பணம் கொடுத்து வாங்கிய ஐரோப்பியச் சிறுவருக்கு வேறு வேகம் உண்டென்பதே தெரியாது.

நொடியின் நூறில் ஒரு பங்குக்காகப் போட்டியிடும் நேர ஓட்டத்தில் இரு பதிப்புகளின் நேரங்களை ஒப்பிட முடியாது. ஆகவே இவ்வாட்டத்தின் சாதனைப் பட்டியல்கள் இன்றும் இரு முறைகளுக்கும் தனித்தனியாகவே பேணப்படுகின்றன.