முதலாளி இல்லாது நடந்த கடைகள்: நாட்டுக்கோட்டை நகரத்தாரின் மேலாள் முறை

சிறுவணிகன் ஒருவன் நோயுற்றால் அவன் கடையும் நோயுறுதலும், அவன் மறைந்தால் கடையும் மறைந்துபோதலும் நாம் நாளும் காணும் காட்சிகளாம். கணக்கு அவன் நினைவில் இருக்கிறது. கடன் அவன் முகம் பார்த்துக் கொடுக்கப்படுகிறது. திறப்பு அவன் மடியில் கிடக்கிறது. இத்தகைய கடையை உடையவன் பெயரளவில் முதலாளியாயினும், உண்மையில் தன் கடைக்குக் கட்டுண்ட ஊழியனே ஆவான். முதலாளி நேரில் இல்லாமலே ஒரு கடை ஒழுங்காக நடைபெறுதல் கூடுமா? கூடுமாயின் எவ்வகை ஏற்பாடுகளால் கூடும்? கடல் கடந்து கடை நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார் இவ்வினாவிற்கு ஏட்டிலன்றி நடைமுறையிலேயே விடை கண்டனர். அவ்விடையின் சிறப்பையும் எல்லையையும் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நகரத்தாரின் தாயகம் தமிழ்நாட்டின் செட்டிநாட்டுப் பகுதியாகும். இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்பட்டி முதலான ஒன்பது கோயில்களைச் சார்ந்து பகுக்கப்பட்ட இச்சமூகத்தினர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை, பர்மா, மலாயா ஆகிய நாடுகளிற் பணக்கடைகளை நிறுவினர். 1852 இல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமானதும், 1869 இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் ஐராவதி முகத்துவாரத்து நெல்லுக்கு உலகச் சந்தையைத் தேடித் தந்தன. காடு வெட்டிக் கழனியாக்கிய உழவருக்கு முதல் வேண்டியிருந்தது. அம்முதலைப் பெரும்பாலும் நகரத்தாரே கொடுத்தனர். 1929 - 30 இல் ஆராய்ந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அந்நாட்டில் ஏறக்குறைய 1,650 செட்டியார் கடைகள் இருந்தன என்றும், அவற்றில் ஈடுபட்ட முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபா என்றும் மதிப்பிட்டது. இவ்வளவு கடைகளின் முதலாளிகளுள் மிகப் பலர் செட்டிநாட்டிலேயே வாழ்ந்தனர் என்பதே நாம் கருத வேண்டிய செய்தியாகும்.

இது எவ்வாறு இயன்றது? முதலாவது, ஆளைத் தேடும் முன் ஆளை ஆக்கினர். கடையிற் சேரும் சிறுவன் பெட்டியடிப் பையனாகத் தொடங்குவான். எடுபிடி வேலை செய்துகொண்டே எழுத்தும் வட்டிக் கணக்கும் பயில்வான். தேர்ந்தபின் அடுத்தாளாகிக் கணக்கெழுதுவதிலும் வசூலிலும் துணை நிற்பான். அதன் பின்னரே மேலாள் என்னும் பொறுப்பை எய்துவான். ஆகவே, மேலாளாக வருபவன் கடையின் ஒவ்வொரு தொழிலையும் தன் கையாற் செய்து பழகியவனாவான். முதலாளியின் மைந்தரும் பிறர் கடைகளில் இவ்வாறு பயிற்சி பெறுதல் உண்டு. வள்ளுவர் தெரிந்து தெளிதலை முன்னும், தெரிந்து வினையாடலைப் பின்னுமாக அடுத்தடுத்த அதிகாரங்களில் வைத்த முறையும் இதுவே. ஆராய்ந்து தெளிதல் முந்தியது. தெளிந்தவனிடம் வினையை ஒப்படைத்தல் அதன்பின் வருவது.

இரண்டாவது, பொறுப்புக்குக் காலவரையறை செய்தனர். மேலாளின் பணிக்காலம் பொதுவாக மூன்றாண்டுகள். அக்காலத்திற்குரிய சம்பளம் முன்னரே உறுதி செய்யப்படும். அதில் ஒரு பகுதியை முன்பணமாகப் பெற்று, ஊரிலுள்ள குடும்பத்திற்குக் கொடுத்துவிட்டு அவன் கப்பலேறுவான். தவணை முடிவிற் கிடைத்த இலாபத்தில் அவனுக்கு ஒரு பங்கும் உண்டு. மூன்றாண்டு கழிந்ததும் புதியவன் ஒருவன் வந்து கணக்கையும் கடன் பத்திரங்களையும் பார்த்து ஏற்றுக்கொள்வான். இம்மாற்றம் ஆளுக்கு ஓய்வளித்ததோடு அமையவில்லை. ஒருவன் செய்தவற்றை மற்றொருவன் கண்கொண்டு பார்க்கும் சோதனையாகவும் பயன்பட்டது. முதலாளியைச் சாராத கடை, மேலாள் ஒருவனையே சார்ந்துவிடாதபடியும் இது காத்தது. சேர்த்த பொருளைக் கொண்டு பின்னர்த் தாமே கடை வைத்தவர் பலர். இன்றைய மேலாள் நாளைய முதலாளி ஆகலாம் என்னும் நம்பிக்கை, கண்காணிப்பினும் வலிய காவலாயிற்று.

மூன்றாவது, அதிகாரத்தையும் கணக்கையும் எழுத்தில் அமைத்தனர். கடைக்கு முதலாளியின் குடும்பப் பெயர்களின் முதலெழுத்துக்களாலாகிய ஒரு விலாசம் உண்டு. ஆட்கள் மாறினும் விலாசம் மாறாது. கடன்பட்டவன் அறிந்ததும் அதனையே. மேலாள் அற்றோணித் தத்துவம் பெற்று, அவ்விலாசத்தின் பேரிற் கடன் கொடுக்கவும், வைப்புப் பெறவும், வழக்காடவும் உரிமை உடையவன். அன்றாடக் கடனைக் கொடுப்பதா மறுப்பதா என்பதை அவனே தீர்மானிப்பான். ஆயின் குறிப்பும் பேரேடும் தவறாது எழுதப்படல் வேண்டும். ஐந்தொகை முதலாளிக்கு அனுப்பப்படல் வேண்டும். எல்லாக் கடைகளிலும் கணக்கெழுதும் முறை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தமையால், ஒரு கடையிற் பயின்றவன் மற்றொரு கடையின் ஏட்டையும் எளிதில் விளங்கிக்கொண்டான். முதலாளி தன்னிடம் வைத்துக்கொண்டவை மூன்றே: ஆளைத் தெரிதல், முதலின் அளவை வரையறுத்தல், கணக்கைப் படித்தல். ஏனையவற்றை அவன் கைவிட்டான். எதனைக் கைவிடல் வேண்டும் என்று தெளிந்ததே இம்முறையின் உயிர்நிலை எனலாம்.

இவற்றிற்கெல்லாம் பின்னணியாகச் சமூகம் நின்றது. பல கடைகள் ஒரே கிட்டங்கியில் அருகருகே பெட்டி வைத்து நடந்தன. ஒருவன் நடத்தை மற்றவருக்கு மறைவாக இருத்தல் அரிது. இரங்கூனில் நகரத்தார் கோயிலிற் கூடி நடப்பு வட்டியை நிச்சயித்தனர். கொழும்புச் செட்டியார் தெருவின் கதிரேசன் கோயில்களும் அவர்தம் வழிபாட்டோடு வாழ்க்கைத் தொடர்பையும் காட்டி நிற்பனவாம். நாணயம் தவறியவனுக்கு வேறு கடையில் வேலை கிடைத்தலும், ஊரில் மணவுறவு அமைதலும் கடினமாயின. நீதிமன்றம் செய்யவேண்டிய வேலையின் பெரும்பகுதியை உறவும் ஊரும் செய்தன.

இனி, இம்முறையின் குறைகளை மறைத்துரைப்பது வரலாறு ஆகாது. நம்பிக்கை உறவை அடியாகக் கொண்டமையால், உறவுக்கு அப்பாற்பட்ட திறமையாளர் மேலாளாதற்கு வழியில்லை. இலாபப் பங்கு மூன்றாண்டுக் கணக்கை ஒட்டியதாதலின், கடனை விரித்துக் காட்டும் ஆசை எழவும் இடமிருந்தது. எல்லாவற்றினும் பெரிய குறை, எல்லாக் கடைகளும் ஒரே தொழிலில், ஒரே வகை ஈட்டை நம்பி நின்றமையாம். 1930 இற்குப் பின் நெல்விலை வீழ்ந்தபோது பர்மிய உழவராற் கடனைத் தீர்க்க முடியவில்லை. ஈடாக வைத்த நிலங்கள் கைமாறின. கீழ்ப்பர்மாவின் 13 முதன்மையான நெல் மாவட்டங்களில், 1930 இல் நூற்றுக்கு 6 பங்காயிருந்த செட்டியார் நிலவுடைமை 1938 இல் நூற்றுக்கு 25 ஆயிற்று. ஏட்டில் இது செல்வம். உண்மையில் விற்கவொண்ணாத சுமை. நிலமிழந்த உழவனின் துயரும் சினமும் அவ்வெண்ணுக்குள் அடங்கிக் கிடந்தன. 1942 இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர்; 1948 இல் விடுதலை பெற்ற அந்நாடு நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் இயற்றியது. முதலாளி இறந்தும் நின்ற கடைகள், நாடு மாறியபோது நிற்கவில்லை.

இலங்கையிலும் இதற்கொரு முன்னறிகுறி தோன்றியது. ஐரோப்பிய வங்கிகளிற் கடன் பெற்று உள்நாட்டு வணிகருக்குக் கொடுக்கும் இடைநிலையில் நகரத்தார் இருந்தனர். 1925 இல் கொழும்பிற் சில கடைகள் முறியவே, வங்கிகள் கடனைச் சுருக்கின. குற்றமற்ற கடைகளும் இடருற்றன. உள்நாட்டு வணிகரின் கடன் வசதி குறித்த குறைகள் வலுக்க, 1934 இல் இலங்கை வங்கி விசாரணைக் குழு அமைந்தது. அதன் வழியே 1939 இல் இலங்கை வங்கி தோன்றியது. நகரத்தாருள்ளும் காலத்தின் போக்கை உணர்ந்தோர் இருந்தனர். மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் 1937 இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்றிடங்களிலும் ஒருங்கே தொடங்கினார். உறவின் இடத்தைப் பங்குரிமையும் சட்டமும் பெற்ற மாற்றம் இது.

இவ்வரலாறு நமக்கு இரண்டு உண்மைகளை உணர்த்துகின்றது. பயிற்சி, காலவரையறை, இலாபப் பங்கு, எழுத்துக் கணக்கு என்னும் நான்கும் அமைந்தால், சிறு கடையும் தன் முதலாளியின் உடலையும் நினைவையும் சாராது நிற்கும். இதற்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. தான் செய்வதைப் பிறனுக்குக் கற்பித்து, கற்பித்தபின் தலையிடாதிருக்கும் மனத்திண்மையே வேண்டும். ஆயினும் ஒருவரைச் சாராமை மட்டும் போதாது. ஒரே விளைபொருளையும் ஒரே ஆட்சியையும் சார்ந்து நிற்கும் கடை, ஆள் மாறினும் பிழைக்கும்; காலம் மாறின் பிழையாது. தன் நலம் தான் வாழும் நாட்டு மக்களின் நலத்தோடு இணைந்துள்ளதா என்னும் வினாவிற்கு விடையளிக்க எந்த மேலாளாலும் இயலாது. அதற்கு விடை காண்பது முதலாளி ஒருபோதும் பிறரிடம் ஒப்படைக்கவியலாத கடமையாகும்.