ஹாலோவீன்

ஹாலோவீன், அக்டோபர் 31 மாலையில் அயர்லாந்து, ஸ்காட்லாந்து, அமெரிக்கா, கனடா முதலிய நாடுகளில் கொண்டாடப்படும் விழா. நவம்பர் 1 அன்று வரும் அனைத்துப் புனிதர் பெருவிழாவின் முந்தைய இரவு என்பதால் இப்பெயர் வந்தது. வேடமிட்ட பிள்ளைகள் வீடு வீடாகப் போய் ‘ட்ரிக் ஆர் ட்ரீட்’ என்று கூவி மிட்டாய் வாங்குவது இன்று இதன் முதன்மை அடையாளம். தின்பண்டம் கொடுங்கள், இல்லாவிட்டால் குறும்பு செய்வோம் என்பது அந்தக் கூவலின் பொருள். இவ்விழாவில் அதிகச் சச்சரவுக்கு ஆளானதும் இந்த வழக்கம்தான்.

தோற்றம்

ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள கெல்ட்டியர் இறந்தோர் விழாவே ஹாலோவீன் ஆனது என்று அக்டோபர்தோறும் பத்திரிகைகள் எழுதுகின்றன. சான்றுகள் அவ்வளவு தூரம் போவதில்லை. அயர்லாந்தில் ‘சவ்வின்’ என்ற பருவ விழா இருந்தது உண்மை. கோடை மேய்ச்சலுக்குப் போன மந்தைகள் மலையிலிருந்து இறங்கும், குளிர்காலத்துக்குத் தீனி போட முடியாத மாடுகள் வெட்டப்படும், குன்றுகளில் பெருநெருப்பு மூட்டப்படும். அன்றிரவு மாய உலகின் வாயில்கள் திறக்கும் என்று பழைய ஐரியக் கதைகள் சொல்கின்றன. ஆனால் அவற்றை எழுதிவைத்தவர்கள் கிறித்தவ காலத்தினர். சவ்வின் இறந்தோருக்கான விழாவாக இருந்தது என்பதற்கு நேரடிச் சான்று இல்லை என வரலாற்றறிஞர் ரொனால்டு ஹட்டன் காட்டியிருக்கிறார்.

சவ்வினை மூடி மறைக்கவே திருச்சபை தன் விழாவை அந்நாளில் வைத்தது என்ற கூற்றிலும் ஓட்டை இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருத்தந்தை நான்காம் போனிஃபேஸ் ரோமின் பாந்தியனைத் தேவாலயமாக அர்ப்பணித்தது மே 13 அன்று. அங்கே மறைசாட்சிகளின் நினைவு அந்நாளிலேயே கொண்டாடப்பட்டது. நவம்பர் 1 என்ற தேதி கி.பி. 800 வாக்கில் இங்கிலாந்திலும் ஜெர்மானிய நாடுகளிலும் வழக்கில் இருந்தது. 835இல் பிராங்கியப் பேரரசு முழுதும் பரவியது. சவ்வினின் தாயகமான அயர்லாந்திலோ அந்தக் காலத்தில் புனிதர்கள் விழா ஏப்ரலில் நடந்தது! மறுநாளான நவம்பர் 2ஐ இறந்தவர்களுக்கான மன்றாட்டு நாளாக்கியவர், குளூனி மடத் தலைவர் ஓடிலோ. தமிழ்க் கத்தோலிக்கர் கல்லறைகளைச் சுத்தம் செய்து பூமாலை சாத்தி மெழுகுவத்தி ஏற்றும் கல்லறைத் திருநாள் இதுவே. ஹாலோவீனோடு அதற்கு உள்ள உறவு இந்த நாட்காட்டி உறவு மட்டும்தான்.

வாசல்தோறும் கேட்கும் பழக்கம் இந்த மூன்று நாட்களைச் சுற்றி வளர்ந்தது. இங்கிலாந்தில் ஏழைகளும் சிறுவர்களும் வீடுகளின் முன் பாடி, ஆன்மா கேக் எனப்பட்ட சிறு அப்பங்களைப் பெற்று, பதிலுக்கு அந்த வீட்டில் இறந்தவர்களுக்காக வேண்டினார்கள். இறந்தோரின் ஆன்மாக்கள் தூய்மை பெறும் இடமான உத்தரிக்கிற ஸ்தலத்தைச் சீர்திருத்தத் திருச்சபை மறுத்த பிறகு வேண்டுதலின் பொருள் போய்விட்டது. செஷயர், ஷ்ராப்ஷயர் பகுதிகளில் கேட்கும் வழக்கம் மட்டும் நெடுங்காலம் நீடித்தது. நாடாளுமன்றத்தைத் தகர்க்க முயன்ற 1605இன் வெடிமருந்துச் சதிக்குப் பின் நவம்பர் 5 நெருப்பு விழாவாகிவிட, இங்கிலாந்தின் பெரும்பகுதியில் ஹாலோவீன் மங்கியது. ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் மங்கவில்லை.

பழைய சடங்குகள்

ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் அந்த இரவு பேய்க்கு உரியதாக இருந்த அளவுக்குக் கல்யாணத்துக்கும் உரியதாக இருந்தது. ராபர்ட் பர்ன்ஸ் 1785இல் எழுதிய ‘ஹாலோவீன்’ கவிதையும் அதன் குறிப்புகளும் இதற்குச் சிறந்த ஆவணம். இளைஞர்களும் பெண்களும் கண்ணை மூடிக்கொண்டு கீரைத்தோட்டத்துக்குப் போய், முதலில் கைக்கு அகப்படும் கேல் கீரைத்தண்டைப் பிடுங்குவார்கள். தண்டு பெரிதாக இருந்தால் வரப்போகிற துணையும் நெட்டை. கோணல் என்றால் கோணல். வேரில் ஒட்டிய மண் சீதனம். தண்டின் உட்சதையைக் கடித்துப் பார்த்தால் தெரியும் இனிப்போ கசப்போதான் துணையின் குணம். அயர்லாந்தில் பார்ம்பிராக் என்ற பழ ரொட்டிக்குள் மோதிரம், காசு, கந்தல் துணி ஆகியவற்றை வைத்துச் சுடுவார்கள். மோதிரம் கிடைத்தவருக்குத் திருமணம், காசு கிடைத்தவருக்குச் செல்வம், கந்தல் கிடைத்தவருக்கு வறுமை.

ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் பெரியவர்களின் பழைய உடையை மாட்டி, முகத்தில் கரி பூசி, குடைந்த டர்னிப் கிழங்கு விளக்கோடு வீடுகளுக்குப் போவது ‘கய்சிங்’ எனப்பட்டது. மிரட்டல் கிடையாது. ஒரு பாட்டோ விடுகதையோ சொல்லிவிட்டுத்தான் ஆப்பிள், கொட்டைப் பருப்பு, சில்லறை என எதையும் வாங்க வேண்டும். டர்னிப்பைக் குடைவது எளிதல்ல. கெட்டிச் சதை கரண்டியை வளைத்துவிடும். அதில் செதுக்கிய முகம் சிறுத்து, சுருங்கி, உண்மையிலேயே பயமுறுத்தும். டோனிகாலில் கிடைத்த அப்படி ஒரு முகத்தின் வார்ப்பு, மேயோ மாவட்டத்தில் உள்ள அயர்லாந்து தேசிய அருங்காட்சியகக் கிளையில் இருக்கிறது. அதன் பக்கத்தில் அமெரிக்கப் பரங்கிக்காய் விளக்கை வைத்தால் அது சாதுவாகத்தான் தெரியும்.

அமெரிக்காவில்

1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அட்லாண்டிக் கடந்த ஐரியர்களும் ஸ்காட்லாந்துக் குடியேறிகளும் விழாவைக் கொண்டுபோனார்கள். பெரிதாகவும் குடைய எளிதாகவும் இருந்த பரங்கிக்காய் டர்னிப்பின் இடத்தைப் பிடித்தது. கூடவே விஷமமும் வளர்ந்தது. வேலிக் கதவைக் கழற்றித் தூக்கிப்போவதும் கொல்லைக் கழிப்பறையைக் கவிழ்ப்பதும் கிராமத்தில் சிரிப்போடு போயின. 1920, 30களில் நகரங்களில் அதுவே தெருவிளக்கு உடைப்பும் தீவைப்புமாக மாறியபோது ஊர்கள் மாற்று வழி தேடின. மினசோட்டாவின் அனோகா நகரம் 1920இல் ஊர்வலம் நடத்திப் பார்த்தது. அயோவாவின் டி மாய்ன் 1938இல் ‘பிச்சைக்காரர் இரவு’ என்று ஒரு நாளை ஒதுக்கியது. அங்கே பிள்ளைகள் ஒரு துணுக்குச் சொன்னால்தான் மிட்டாய்.

‘ட்ரிக் ஆர் ட்ரீட்’ என்ற கூவல் கனடாவில்தான் முதலில் அச்சேறியதாகத் தெரிகிறது. ஆல்பர்ட்டாவின் பிளாக்கி என்ற சிற்றூரைப் பற்றிய 1927ஆம் ஆண்டுச் செய்தி பலரும் சுட்டும் சான்று. போர்க்காலச் சர்க்கரைப் பங்கீடு அமெரிக்காவில் 1947இல் முடிந்த பிறகே வழக்கம் நாடெங்கும் பரவியது. ஆக, தொன்மையான சடங்கு என்று பெயர் வாங்கிய இது, இன்றைய வடிவில் நூறு வயதைத்தான் ஒட்டியிருக்கிறது.

எதிர்ப்பும் ஏற்பும்

எதிர்ப்பு உடனே கிளம்பியது. 1948இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் சிறுவர் மன்றத்தினர், அமெரிக்கச் சிறுவர்கள் பிச்சை எடுப்பதில்லை என்ற பதாகையோடு ஊர்வலம் போனார்கள். 1950இல் பிலடெல்பியாவில் ஒரு போதகர் தம்பதியர் தொடங்கிவைத்தது வேறு வழி: மிட்டாய்க்குப் பதில் யூனிசெஃப்புக்குக் காசு திரட்டுவது. பிச்சை என்ற குற்றச்சாட்டைத் தருமமாகத் திருப்பிய சாமர்த்தியம் அது.

பிறகு வந்த பயம் வேறு வகை. முன்பின் தெரியாதவர்கள் மிட்டாயில் விஷமும் ஆப்பிளில் சவரக்கத்தித் துண்டும் வைக்கிறார்கள் என்ற பேச்சு 1970களில் பரவியது. 1974இல் டெக்சாஸில் சயனைடு கலந்த மிட்டாயால் ஒரு சிறுவன் இறந்தான். வைத்தவர் காப்பீட்டுப் பணத்துக்கு ஆசைப்பட்ட சொந்தத் தகப்பன். 1982இல் சிகாகோவில் டைலனால் என்ற வலிநிவாரணி மாத்திரையில் விஷம் கலந்து ஏழு பேரைக் கொன்ற சம்பவம் பீதியைக் கூட்டியது. 1958 முதலான செய்திகளைத் துருவிய சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட், அறிமுகமற்றவர் எவரும் பிள்ளைகளுக்குக் கண்டபடி விஷ மிட்டாய் கொடுத்துக் கொன்றதாக ஒரு நிகழ்வைக்கூடக் காணவில்லை. ஆனாலும் பெற்றோர் பையைக் கொட்டிச் சோதிப்பது நிற்கவில்லை. வர்ஜினியாவின் செசபீக் நகரச் சட்டமோ பன்னிரண்டு வயது தாண்டி மிட்டாய் கேட்பவருக்குச் சிறை என்றது. 2019இல்தான் வயதை உயர்த்திச் சிறைத் தண்டனையை எடுத்தார்கள்.

பேய் வேடமே ஆகாது என்று ஒதுங்கும் கிறித்தவர்கள் உண்டு. மதச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் தம் கருத்துரைகளை வெளியிட்ட 1517 அக்டோபர் 31இன் நினைவாகச் சீர்திருத்த நாள் கொண்டாடுவோரும், தேவாலய வாகன நிறுத்துமிடத்தில் கார் டிக்கியைத் திறந்துவைத்து மிட்டாய் வழங்குவோரும் உண்டு. இங்கிலாந்தில் 1980களில் ‘ட்ரிக் ஆர் ட்ரீட்’ வழக்கம் அமெரிக்க இறக்குமதி என்று முணுமுணுத்தார்கள். ஸ்காட்லாந்துக்காரர்களின் மனக்குறை வேறு: தங்கள் பிள்ளைகள் பாட்டுப் பாடிச் சம்பாதித்ததை இன்று வெறும் கூவலுக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்பது. அண்மைக் கவலை ஒவ்வாமை. வேர்க்கடலை, பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்காக, மிட்டாய் அல்லாத சிறு பொம்மைகள் தரும் வீடுகள் வாசலில் நீலப்பச்சை பூசிய பரங்கிக்காயை வைக்கும் ஏற்பாடு 2014 முதல் அமெரிக்கா முழுதும் பரவிவருகிறது.