தொல் திருச்சபையும் போலிப் போதகரும்

கிறித்துவம் தோன்றிய முதலிரு நூற்றாண்டுகளில் ஊர்தோறும் சென்று போதித்தோர் பலர். அவர்க்கு உணவும் உறையுளும் அளித்தல் அடியார் கடனாயிற்று. அக் கடனையே தம் பிழைப்பாக்கிக் கொண்டோரும் இருந்தனர். பவுலின் பெயரால் வழங்கும் தீமோத்தேயுவுக்குரிய இரண்டாம் திருமுகம், வீடுகளுள் நுழைந்து எளியோரை வயப்படுத்துவாரைக் கண்டிக்கின்றது. கண்டித்தல் எளிது, கண்டறிதல் எங்ஙனம்? இதற்கு விடை தருவது 'திதக்கே' என்னும் கிரேக்க நூல்.

'போதனை' எனப் பொருள்படும் இந்நூல், முதல் நூற்றாண்டின் இறுதியிலோ அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுந்ததென அறிஞர் பலர் கருதுவர். 1056-இல் எழுதப்பெற்ற இதன் படியைப் பிலோதியோஸ் பிரயென்னியோஸ் 1873-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கண்டு, 1883-இல் பதிப்பித்தார்.

திருத்தூதராக வருபவர் ஒருநாள் தங்கலாம்; வேண்டின் மறுநாளும் தங்கலாம்; மூன்றாம் நாளும் தங்கின் அவர் போலி. புறப்படுங்கால் வழிக்கு வேண்டும் அப்பமே பெறலாம். பணம் கேட்பின் போலி. ஆவியின் ஏவலெனத் தமக்குப் பொருள் கேட்பார்க்குச் செவிசாய்த்தல் கூடாது. வறியோர்க்கெனக் கேட்பாரைப் பழித்தலும் ஆகாது. குடியேற வருவோன் உழைத்து உண்ணல் வேண்டும். இசையாதவனை இந்நூல் கிறித்துவை வைத்து வாணிகம் செய்பவன் என விலக்குகின்றது.

இவ் விதிகளின் தேவையைப் புறச்சமயத்தாரான லூசியனின் எழுத்தும் உணர்த்தும். 165-இல் ஒலிம்பியாவில் தீப்பாய்ந்து மாண்ட பெரகிரினஸ், முன்னர்க் கிறித்துவரிடையே தலைமை பெற்றுச் சிறைப்பட்டிருந்தான் என்றும், அப்போது முதிய கைம்பெண்டிரும் தாய்தந்தையற்ற சிறாரும் விடியலிலேயே சிறைவாயிலில் காத்து நின்றனர் என்றும், அவனுக்குப் பெரும்பொருள் சேர்ந்தது என்றும் அவர் எழுதுகிறார். அங்கத நூலாதலின் அனைத்தையும் வரலாறெனக் கொள்ளல் சாலாது. ஆயினும், ஈகையே ஏய்ப்போர்க்கு வாயிலாயிற்று என்பதில் அகச்சான்றும் புறச்சான்றும் ஒத்து நிற்கின்றன.

கொள்கை திரிந்த போதனையையும் திதக்கே விலக்குகின்றது. எனினும் அது விரித்துரைப்பது ஒழுக்கச் சோதனையே. இதன் காரணமும் அந்நூலிலேயே உளது. ஆவியின் ஏவலால் பேசும் இறைவாக்கினரின் உரையைச் சோதித்தல் பாவம் என்கின்றது அது. உரை ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டதாகவே, ஒழுக்கம் ஒன்றே அளவுகோலாயிற்று. சமய நுட்பம் ஆராயக் கல்வி வேண்டும். நாளை எண்ணவும், கேட்டது அப்பமா பணமா என அறியவும் எழுத்தறியாக் கைம்பெண்ணாலும் இயலும். ஏமாற்றப்படுவோர் கையிலேயே அளவுகோலைத் தந்தமையே இந்நூலின் சிறப்பென்பது எம் துணிபு. ஏய்ப்போர்க்கு அஞ்சி அச் சபையார் கதவை அடைத்திலர். விருந்துக்கு எல்லை வகுத்தனர்.