மூலமும் படியும்

ஒரு நூல் அழியாது வாழ வேண்டுமாயின் அது படியெடுக்கப்படுதல் வேண்டும். தமிழ் இலக்கியம் ஈராயிரம் ஆண்டுகளைக் கடந்து வந்தது இவ்வழியினாலேயே. பனையோலை வெயிலுக்கும் ஈரத்துக்கும் கறையானுக்கும் இரையாகும் இயல்பினது. பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதுவோர் இல்லாத நூல்கள் பெயரளவில் மட்டும் எஞ்சின; பல, பெயரும் இன்றி மறைந்தன. படியெடுத்தலே தமிழைக் காத்தது என்பது மறுக்கவொண்ணா உண்மை.

இன்று நிலைமை மாறியுள்ளது. இணையத்தில் ஒரு கட்டுரையை நொடிப்பொழுதில் நூறு இடங்களில் படியெடுக்கலாம். படிகள் பெருகப் பெருக மூலம் எது, எழுதியவர் யார், முதலில் வெளிவந்தது எங்கே என்னும் மூன்றும் மறையத் தொடங்குகின்றன. தேடுபொறியில் ஒரு சொல்லை இட்டுத் தேடும் மாணவனுக்கு முதலில் தோன்றுவது மூலமாக இருத்தலும் உண்டு; பெயர் நீக்கப்பட்ட படியாக இருத்தலும் உண்டு. இச்சிக்கலின் வேரை அறிய, ஏட்டுக் காலம் தொட்டு நிகழ்ந்தவற்றை ஒருங்கு வைத்து நோக்குதல் பயனுடையது.

ஏட்டுக் காலத்து முறை

ஏடெழுதியோர் தம் பணியின் இறுதியில், இன்னார் ஏட்டை இன்னார் இன்ன ஆண்டு, இன்ன திங்களில் எழுதி முடித்தார் என்று குறிப்பெழுதும் வழக்கம் இருந்தது. அச்சிறு குறிப்பே பிற்காலப் பதிப்பாசிரியர்க்கு விளக்காயிற்று. எந்த ஏடு முந்தியது, எது எதைப் பார்த்து எழுதப்பட்டது என்பதைத் துணிய அது உதவியது.

உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியையும், 1892ஆம் ஆண்டு சிலப்பதிகாரத்தையும், 1894ஆம் ஆண்டு புறநானூற்றையும் பதிப்பித்தார். அவருக்கு முன்னரே சி. வை. தாமோதரம் பிள்ளை இத்துறையில் இறங்கி, 1887ஆம் ஆண்டு கலித்தொகையை வெளியிட்டிருந்தார். ஊர்தோறும் ஏடு தேடி, கிடைத்தவற்றை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடுகளைக் குறித்துப் பதிப்பிக்கும் முறை இவர்கள் காலத்தில் வேரூன்றியது.

ஏடுகளை ஒப்புநோக்குவார் மறத்தலாகாத விதி ஒன்றுண்டு. ஒரே மூலத்தைப் பார்த்து எழுதிய பத்து ஏடுகள் பத்துச் சான்றுகள் ஆகா. அவை ஒரு சான்றே. பத்து ஏட்டிலும் ஒரே இடத்தில் ஒரே பிழை காணப்படின், அவை ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பது தெளிவு. ஆகவே, படிகளை எண்ணுதலினும் அவற்றின் மரபை அறிதலே முதன்மையானது. இவ்விதியையே ஒரு நூற்றாண்டுக்குப் பின் தேடுபொறிகளை அமைத்தோரும் கைக்கொள்ள வேண்டியதாயிற்று.

மலேசிய மண்ணில் அச்சும் தொகுப்பும்

கோலாலம்பூரில் 1924ஆம் ஆண்டு தொடங்கிய ‘தமிழ் நேசன்’ நாளிதழ், 2019ஆம் ஆண்டு தொடக்கத்தில் நின்றது. ஏறத்தாழத் தொண்ணூற்றைந்து ஆண்டுகள் இந்நாட்டுத் தமிழர் எழுத்துக்கு அது ஓர் அரங்காயிற்று. ஆயினும் நாளிதழின் வாழ்வு ஒரு நாளே. அதில் வெளிவந்த கவிதையும் கதையும் தேடித் தொகுப்பார் இலவேல் பழந்தாளோடு மறைந்துபோகும்.

அத்தகைய தொகுப்புப் பணியை மேற்கொண்டோருள் கவிஞரும் ஆசிரியருமான முரசு நெடுமாறன் குறிப்பிடத்தக்கவர். இந்நாட்டுத் தமிழ்க் கவிதையின் நூற்றாண்டு விளைச்சலைத் திரட்டி அவர் உருவாக்கிய ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ 1997ஆம் ஆண்டு வெளிவந்தது. களஞ்சியமும் ஒருவகையில் படியெடுத்தலே. ஆனால், கவிதையைக் கவிஞர் பெயரோடு பிணைத்து வைப்பதனால் அது மூலத்துக்கு அரணாகின்றது. பெயரைக் களைந்து எடுப்பது படியெடுப்பாயினும் மூலத்துக்குக் கேடாகின்றது. இரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரு வரிக் குறிப்பே.

கணினியில் ஏறிய தமிழ்

அவருடைய மகனார் முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டில் ‘முரசு’ மென்பொருள் முயற்சியைத் தொடங்கினார். அது பின்னர் ‘முரசு அஞ்சல்’ என வளர்ந்தது. தந்தை இதழ்களில் சிதறிய கவிதைகளைத் தொகுக்க, மைந்தர் தமிழ் எழுத்தைக் கணினித் திரையில் ஏற்றினார். சிங்கப்பூரில் ஆசிரியப் பயிற்சித் துறையைச் சார்ந்த எழுத்தாளர் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் 1995ஆம் ஆண்டு தமிழ் இணையத்தில் ஏறியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று ‘மதுரைத் திட்டம்’ என்னும் மின்னூல் பணியைத் தொடங்கினார்.

ஆயினும் ஒரு பெருந்தடை இருந்தது. கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் வழங்குதலே குறியேற்றம் எனப்படும். அந்நாளில் எழுத்துரு செய்தோர் பலரும் தத்தமக்கு ஏற்ற எண்களை வழங்கினர். ஒருவர் ‘க’வுக்கு அளித்த எண்ணை மற்றொருவர் ‘து’வுக்கு அளித்திருப்பார். ஆகவே ஒரே குறள் ஐந்து தளங்களில் இருப்பின், கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு ஐந்து வேறு எண்தொடர்களாகவும் விளங்கியது. தேடுபொறி அவற்றை ஒரே பாடல் என்று அறியவும் இயலவில்லை. தமிழில் தேடுவார்க்கு எடுத்துக் கொடுக்கவும் இயலவில்லை.

இத்தடையை நீக்க 1997ஆம் ஆண்டு சிங்கப்பூரிலும் 1999ஆம் ஆண்டு சென்னையிலும் அறிஞர் கூடினர். மின்னஞ்சல் குழு வழியாக ‘திஸ்கி’ என்னும் குறியேற்றம் உருவாயிற்று. தமிழ்நாட்டரசு ‘டாம்’, ‘டாப்’ என்பவற்றை ஏற்றது. 2000ஆம் ஆண்டு ‘உத்தமம்’ என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. அடுத்த ஆண்டுத் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. 1966ஆம் ஆண்டு முதல் அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கண்ட இந்நகர், முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப்பின் தமிழ் எழுத்தின் கணினி வாழ்வைக் குறித்தும் கூடிப் பேசியது.

முடிவில் நிலைபெற்றது ஒருங்குறி. 1991ஆம் ஆண்டு வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. இயங்குதளங்கள் அதனை ஏற்றபின் பயன்பாடு பரவியது. 2010ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசும் அதனை ஏற்றது. எனினும் ஒருங்குறியினுள்ளும் இரட்டிப்பு ஒழியவில்லை. ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே எண்ணாலும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு எண்ணாலும் எழுதலாம். இவ்விரண்டும் ஒன்றே எனக் கொள்ளும் விதி ஒருங்குறியிலேயே உண்டு. ஆனால் ‘மௌனம்’ என எழுத வேண்டிய இடத்தில் ஒற்றைக் கொம்பும் ளகரமும் இட்டு ‘மெளனம்’ எனத் தட்டச்சிட்டால் அவ்விதி உதவாது. கணினி நோக்கில் அது வேறொரு சொல். மாணவர்க்கு இவ்வேறுபாட்டைக் காட்டுதல் ஆசிரியர் கடன்.

பொறி மூலத்தைத் தேர்வது எங்ஙனம்?

தொடக்கம் முதலே இணையத்தில் படிகள் மிகுந்திருந்தன. 1997ஆம் ஆண்டு ஆந்திரே புரோடரும் அவர்தம் குழுவினரும் படிகளை இனங்காண ஒரு முறையை வெளியிட்டனர். கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடப்பதுபோலச் சொற்றொடரைத் துண்டுகளாக்கும் முறை அது. ‘கிள்ளான் ஆற்றங்கரையில் பழைய துறைமுகம் ஒன்று இருந்தது’ என்னும் தொடரை நந்நான்கு சொற்களாக எடுத்தால் மூன்று துண்டுகள் கிடைக்கும். முதற்றுண்டு ‘கிள்ளான்’ என்றும், இரண்டாவது ‘ஆற்றங்கரையில்’ என்றும், மூன்றாவது ‘பழைய’ என்றும் தொடங்கும். இரு பக்கங்களின் துண்டுகளுள் பெரும்பாலானவை ஒத்திருப்பின் ஒன்று மற்றதன் படி அல்லது இரண்டும் ஒரு மூலத்தின் படிகள். பதிப்பாசிரியர் ஏடுகளை ஒப்புநோக்கிய வினையே பொறிவினையாக மாறியது எனலாம்.

1998ஆம் ஆண்டு தோன்றிய கூகுள், ஒரு பக்கத்துக்குப் பிற பக்கங்கள் தரும் இணைப்புகளை அப்பக்கத்தின் மதிப்புக்கு ஓர் அளவாகக் கொண்டது. ஒத்த பக்கங்கள் பல இருப்பின் தேடுபொறி அவற்றை ஒரு குழுவாக்கி ஒன்றை மட்டும் முன்னிறுத்தும். எதை முன்னிறுத்துவது என்பதைப் பல குறிப்புகள் கொண்டு துணியும். இத்துணிவு பிழைபடவும் கூடும். மூலத்தினும் படிக்கு இணைப்பு மிகுந்திருப்பின் படி முன்னிற்க, மூலம் பின்தள்ளப்படலாம்.

படியுள்ள தளங்களைத் தேடுபொறி தண்டிக்கும் என்னும் அச்சம் பரவலாக உண்டு. பொதுவாக அத்தகைய தண்டனை இல்லை என்று 2008ஆம் ஆண்டு கூகுள் விளக்கியது. ஏமாற்றும் நோக்கோடு படிகளைக் குவிப்பார்க்கே ஒறுத்தல் உண்டு. பிறர் எழுத்தை அள்ளிக் குவித்த தரமற்ற தளங்களைப் பின்தள்ளும் மாற்றம் 2011ஆம் ஆண்டு வந்தது. நேர்மையானவர்க்கு நேரும் இழப்பு வேறு. அவர்தம் பக்கத்துக்குச் சேர வேண்டிய மதிப்பு பல முகவரிகளுக்குச் சிதறிப்போவதே அது.

ஒரே பக்கம், பல முகவரி

இச்சிதறல் பெரும்பாலும் சொந்த வீட்டிலேயே தொடங்குகின்றது. கிள்ளானில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளி தன் ஆண்டு மலரை இணையத்தில் ஏற்றுவதாகக் கொள்வோம். முகவரியின் முன் மூன்று டபிள்யூ எழுத்துகளை இட்டாலும் இடாவிடினும் அப்பக்கம் திறக்கும். அச்சிடுவதற்கென ஒரு வடிவம் தனி முகவரியில் இருக்கும். பழைய குறியேற்றத்தில் ஒன்றும் ஒருங்குறியில் ஒன்றுமாக இரு கோப்புகள் கிடக்கும். பிரிக்ஃபீல்ட்சில் உள்ள ஓர் இலக்கிய அமைப்பு அதே கட்டுரையைத் தன் தளத்திலும் முழுமையாக இடும். ஒரு கட்டுரைக்கு ஐந்தாறு முகவரிகள் அமைந்துவிட, இணைப்புத் தருவோர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு முகவரியைத் தருவர். ஓராற்று நீர் பல வாய்க்காலில் பிரிந்து வயலுக்கு எட்டாது வற்றுவதை இது ஒக்கும்.

இதனைத் தீர்க்க 2009ஆம் ஆண்டு பெப்ரவரியில் கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்று நிறுவனங்களும் ஒரு குறியை ஏற்றன. ‘கெனோனிக்கல்’ எனப்படும் அது, படிப்போர் கண்ணுக்குப் புலப்படாது பக்கத்தின் தலைப்பகுதியில் எழுதப்படும் ஒரு வரி. இப்பக்கத்தின் மூலம் இன்ன முகவரியில் உள்ளது என்று தேடுபொறிக்கு அறிவிப்பது. தேடுபொறி அதனைக் கட்டளையாகக் கொள்ளாவிடினும் வலிமையான குறிப்பாகக் கொள்கின்றது. ஏட்டின் இறுதியில் எழுதப்பட்ட குறிப்பு, புதிய கோலத்தில் மீண்டும் வந்தது.

செய்யத்தக்கன

பள்ளிகளும் இலக்கிய அமைப்புகளும் செய்யத்தக்கவை சிலவே. ஒவ்வொரு படைப்புக்கும் நிலையான ஒரு முகவரியைத் தேர்தல் முதலாவது. ஏனைய முகவரிகளிலிருந்து அதற்கே நிலையான வழிமாற்றம் அமைத்தல் இரண்டாவது. ‘முந்நூற்றொன்று’ என்னும் எண்ணால் அது குறிக்கப்பெறும். பழைய கோப்பை விலக்க இயலாதெனின் மூல முகவரிக் குறியை அப்பக்கத்தில் இடுதல் மூன்றாவது. பிறர் எழுத்தை எடுத்தாளும்போது ஒரு பகுதியை மட்டும் தந்து, ஆசிரியர் பெயரும் ஆண்டும் கூறி, மூலத்துக்கு இணைப்பளித்தல் நான்காவது. இசைவு பெற்று முழுவதும் மறுவெளியீடு செய்யின், அப்படியைத் தேடுபொறி தன் அட்டவணையில் சேர்க்காதவாறு குறியிடுதல் நன்று.

படியை அடியோடு ஒழித்தல் நோக்கமாகலாகாது. நாளிதழ் நிற்பதுபோலத் தளங்களும் நிற்கும். கட்டணம் செலுத்துவார் இன்றி ஒரு நாளில் மறையும். அந்நாளில் எங்கோ இருக்கும் ஒரு படியே அவ்வெழுத்துக்கு உயிராகும். மதுரைத் திட்டத்தார் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். தம் மின்னூல்களை எவரும் பரப்பலாம் என இசைந்தனர். உள்ளீடு செய்தோர், மெய்ப்புப் பார்த்தோர் பெயர் தாங்கிய முகப்புக் குறிப்பு மட்டும் சிதையாதிருத்தல் வேண்டும் என்றனர். படியும் பெருகும், மூலமும் மறையாது என்பதற்கு இதனினும் நல்ல வழிகாட்டுதல் வேண்டுவதில்லை.

பள்ளியில் கட்டுரை எழுதும் மாணவன் இணையத்திலிருந்து ஒரு பத்தியை எடுக்கும்போது, எடுத்த இடத்தையும் எழுதியவர் பெயரையும் கீழே ஒரு வரி எழுதப் பழகுவானாயின், ஏடெழுதியோர் போற்றிய முறை தொடரும். பொறிகள் குறிப்பைக் கொண்டே மூலத்தை அறிகின்றன. அக்குறிப்பை எழுத வேண்டியவர் மனிதரே.