பிரிண்டர் 'அப்டேட் செய்யவா?' என்று கேட்டால்...

நமதூரில் ஜெராக்ஸ் கடை, கணினி மையம், ஜமாஅத் அலுவலகம், மதரஸா என்று எங்கும் ஒரு பிரிண்டராவது இருக்கிறது. ஒரு நாள் அதன் திரையில் 'புதிய ஃபர்ம்வேர் உள்ளது, அப்டேட் செய்யவா?' என்ற கேள்வி வரும். சிலர் யோசிக்காமல் சம்மதம் கொடுத்துவிடுகிறார்கள். சிலர் பயந்துபோய் வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். இரண்டிலுமே நஷ்டம் வரலாம்.

ஃபர்ம்வேர் என்பது இயந்திரத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள். பேப்பரை இழுப்பது, ஸ்கேன் செய்வது எல்லாம் அதன் உத்தரவில்தான் நடக்கின்றன. அது இருக்கும் இடம் ஃபிளாஷ் மெமரி. தோஷிபா நிறுவனத்தின் ஃபுஜியோ மசுவோகா 1984-ல் அறிமுகப்படுத்திய நினைவகம் இது. கரண்ட் இல்லாவிட்டாலும் பதிந்தது அழியாது. ஆனால் ஒரு எழுத்தை மட்டும் அடித்துத் திருத்துவதுபோல் இதில் திருத்த முடியாது. ஒரு பகுதியை மொத்தமாக அழித்துவிட்டுத்தான் மறுபடி எழுத வேண்டும். பழையது அழிந்து, புதியது முழுதாக ஏறாத அந்தச் சில நிமிடங்களில் கரண்ட் போனால் இயந்திரம் மறுபடி எழுந்திருக்காமலே போகலாம்.

தானே புயலைப் பார்த்த கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு மின்தடை பற்றிச் சொல்லத் தேவையில்லை. இன்க்ஜெட் என்றால் சாதாரண யுபிஎஸ் போதும். லேசர் பிரிண்டர் சூடேறும்போது ஏராளமான கரண்ட் இழுக்கும். கம்ப்யூட்டருக்கு வைத்திருக்கும் சின்ன யுபிஎஸ் தாங்காமல் அணைந்துவிடும். அந்த யுபிஎஸ்ஸை நம்பி லேசர் பிரிண்டரை அப்டேட் செய்வது இன்னும் ஆபத்து. பராமரிப்புக்காக மின்தடை அறிவித்த நாளையும், மழை, காற்று நேரத்தையும் தவிர்த்து, நேரடி மின் இணைப்பிலேயே செய்யுங்கள்.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் அப்டேட் செய்ய வேண்டும்? 2013-ல் ஜெர்மனியைச் சேர்ந்த டேவிட் கிரீசல் ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் நிறுவனத்தின் வொர்க்சென்டர் இயந்திரத்தில் ஸ்கேன் செய்தார். 21.11 என்றிருந்த அறையின் பரப்பளவு 14.13 என்று மாறி வந்தது! படத்தைச் சுருக்கும் முறையில் இருந்த கோளாறு ஒரு எண்ணுக்குப் பதில் வேறு எண்ணை வைத்துவிட்டது. எழுத்து மங்கவில்லை என்பதால் யாருக்கும் சந்தேகமும் வராது. பத்திரத்தின் சர்வே எண்ணோ, நிகாஹ் தஃப்தரின் தேதியோ இப்படி மாறினால் என்னாகும்? அதைச் சரிசெய்யும் மென்பொருளை அந்நிறுவனம் பிறகு வெளியிட்டது. அதை ஏற்றாத இயந்திரத்தில் கோளாறு அப்படியே இருக்கும்.

ஃபர்ம்வேரைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் மட்டுமே எடுங்கள். மாடல் எண் ஒரு எழுத்துகூட மாறக் கூடாது. 2011-ல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சில எச்பி லேசர்ஜெட் மாடல்களில் பிரிண்ட் கொடுக்கும் ஃபைல் வழியாகவே போலி ஃபர்ம்வேரை ஏற்றிக் காட்டினார்கள். வந்தது அசல்தானா என்று அந்த மாடல்கள் சரிபார்க்கவில்லை.

ரீஃபில் கார்ட்ரிட்ஜ் போடுபவர்கள் இதையும் கவனியுங்கள். 2016 செப்டம்பரில் பல எச்பி ஆபீஸ்ஜெட் பிரிண்டர்கள், வேறு கம்பெனி சிப் உள்ள கார்ட்ரிட்ஜ்களைத் திடீரென ஏற்க மறுத்தன. முன்பே ஏறியிருந்த ஃபர்ம்வேரில் இருந்த தடைதான் காரணம். எதிர்ப்பு கிளம்பிய பிறகு அதை நீக்கும் ஃபர்ம்வேரையும் அதே நிறுவனம் கொடுத்தது. பெரும்பாலான மாடல்களில் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது. எனவே ஆட்டோ அப்டேட்டை நிறுத்திவைத்து, புதிய பதிப்பில் என்ன மாறுகிறது என்று படித்துவிட்டு ஏற்றுவதே நல்லது.

தொடங்கும் முன் இப்போதைய பதிப்பு எண்ணும் செட்டிங்ஸும் வரும் பக்கத்தை பிரிண்ட் எடுத்து வையுங்கள். வரிசையில் நிற்கும் பிரிண்ட்களை ரத்து செய்யுங்கள். வைஃபையை விட கேபிள் நம்பகமானது. கம்ப்யூட்டர் ஸ்லீப் ஆகாதபடி பாருங்கள். பாதியில் நின்றது போலத் தெரிந்தாலும் சுவிட்சைத் தொடாதீர்கள்; தானே ஒன்றிரண்டு முறை அணைந்து எழும்.

எழவே இல்லை என்றால் திரும்பத் திரும்ப ஆன், ஆஃப் செய்ய வேண்டாம். சில மாடல்களில் யுஎஸ்பி வழியாக மீட்கும் வசதி உண்டு. இல்லையென்றால் போர்டைத்தான் மாற்ற வேண்டியிருக்கும். பழைய இயந்திரமாக இருந்தால் அந்தச் செலவுக்கு வேறு இயந்திரமே வாங்கிவிடலாம்.

நல்லபடியாக முடிந்தால் புதிய பதிப்பு எண்ணைச் சரிபாருங்கள். பிறகு எண்கள் நிறைந்த ஒரு தாளை ஸ்கேன் செய்து, அசலுடன் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள்.