பேதுருவைக் காத்து நின்ற பதினாறு பேர்

ஆண்டுதோறும் ஜூன் 29ஆம் நாள், புனிதர்கள் பேதுரு, பவுல் பெருவிழாத் திருப்பலியில் முதல் வாசகமாகத் திருத்தூதர் பணிகள் நூலின் 12ஆம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது. நள்ளிரவில் சிறையில் ஒளி வீசுகிறது. சங்கிலிகள் கழன்று விழுகின்றன. இரும்புக் கதவு தானே திறக்கிறது. பேதுரு தெருவில் நிற்கிறார். 11ஆம் வசனத்தோடு வாசகம் முடிகிறது. நாம் மகிழ்ந்து இறைவனுக்கு நன்றி கூறுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தத் திருப்பலி முடிந்ததும் பங்கைச் சேர்ந்த காவலர் ஒருவர் நம்மிடம் வந்தார். "பேதுரு தப்பிச்சுப் போயிட்டாரு, சாமி. காவலுக்கு நின்னவங்க கதி என்னாச்சு?" என்று கேட்டார். விசாரணைக் கைதி ஒருவரை நீதிமன்றத்துக்கு அழைத்துச் சென்ற வழியில், பேருந்து நிலைய நெரிசலில் அவர் தப்பியோட, தற்காலிகப் பணிநீக்கத்துக்கு ஆளானவர் அவர். எத்தனையோ ஆண்டுகள் அந்த வாசகத்தை விளக்கி மறையுரை ஆற்றிய நாம், அந்தக் காவலரைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

விடை அதே அதிகாரத்தின் 19ஆம் வசனத்தில் இருக்கிறது. நான்கு பேர் கொண்ட நான்கு குழுக்கள், ஆகப் பதினாறு படைவீரர் பேதுருவைக் காத்தனர். பொழுது விடிந்ததும் ஏரோது அகிரிப்பா அவரைத் தேடினான், கிடைக்கவில்லை. காவலரை விசாரித்தான், அவர்களைக் கொல்ல ஆணையிட்டான். பதினாறு பேரும் மாண்டனரா, அந்தச் சாமத்துக் காவலர் மட்டுமா என்று லூக்கா எழுதவில்லை. கி.பி. 41 முதல் 44 வரை யூதேயாவை ஆண்ட அம்மன்னன் பின் செசரியா சென்று அங்கேயே இறந்தான்.

கைதி தப்பினால் காவலன் தன் உயிரால் ஈடு கட்ட வேண்டும் என்பது அக்காலத்தில் வேரூன்றியிருந்த வழக்கம். திருத்தூதர் பணிகள் நூலில் இதன் நிழல் மீண்டும் மீண்டும் விழுகிறது. பிலிப்பி, உரோமைக் குடியேற்ற நகர். அங்கே பவுலும் சீலாவும் விசாரணையின்றி அடிக்கப்பட்டு, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டு, உட்சிறையில் கிடந்தனர். நிலநடுக்கத்தில் கதவுகள் திறந்தன. விழித்தெழுந்த சிறைக்காவலர் வாளை உருவித் தம்மையே மாய்த்துக்கொள்ளத் துணிந்தார். கைதிகள் ஓடியிருப்பர் என்றே அவர் எண்ணினார். ஓடியிருந்தால் தமக்கு என்ன நேரும் என்பதும் அவருக்குத் தெரியும். அப்போது இருளிலிருந்து பவுலின் குரல் எழுந்தது: நாங்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறோம், உமக்குத் தீங்கு செய்துகொள்ளாதீர்.

பவுல் ஓடத் தெரியாதவர் அல்லர். தமஸ்கு நகரில் ஆளுநன் தம்மைப் பிடிக்கக் காவல் வைத்திருந்தபோது, மதிலிலிருந்து கூடையில் இறங்கித் தப்பியவர்தாம். பிலிப்பியிலோ திறந்த கதவுக்கும் அவருக்கும் இடையே ஒரு மனிதரின் உயிர் நின்றது. எனவே அவர் தங்கினார். அவ்விரவே காவலர் அவருடைய காயங்களைக் கழுவினார். பவுல் அவரையும் அவர் வீட்டாரையும் திருமுழுக்கில் கழுவினார்.

அதே வழக்கம் படைவீரரின் உள்ளத்தை எவ்வளவு கல்லாக்கியது என்பதை 27ஆம் அதிகாரம் காட்டுகிறது. மால்தா தீவின் அருகே, 276 பேரைச் சுமந்து வந்த கப்பல் உடைந்தபோது, கைதிகள் நீந்தித் தப்பிவிடக்கூடும் என அஞ்சிய வீரர், அவர்களைக் கொன்றுவிட எண்ணினர். தம் உயிரைக் காக்கப் பிறர் உயிரைப் போக்குவது அவர்களுக்கு எளிதாகத் தோன்றியது. நூற்றுவர் தலைவர் யூலியு அதைத் தடுத்தார். கைதிகள் ஓடியிருந்தால் அவரே பதில் சொல்லியிருக்க வேண்டும்.

பிற்கால உரோமைச் சட்டம் இந்த வழக்கத்தை ஓரளவு நெறிப்படுத்த முயன்றது. கி.பி. 117 முதல் 138 வரை ஆண்ட ஹாட்ரியன், கைதியைத் தவறவிட்ட வீரனைத் தண்டிக்குமுன், நேர்ந்தது பெரும் அசட்டையாலா, தற்செயலாலா என்று ஆராய வேண்டும் என எழுதினார். கைதியின் பக்கமும் வேறுபாடு காணப்பட்டது. கதவை உடைத்தோ, உடன்கைதிகளுடன் சதி செய்தோ தப்பியவனுக்கு மரண தண்டனை. காவலரின் அசட்டையால் வெளியேறியவனுக்கு அதைவிடக் குறைந்த தண்டனை. 533இல் யுஸ்தீனியன் வெளியிட்ட சட்டத் திரட்டில் இவை இடம்பெற்றுள்ளன. ஆயினும் 4ஆம் நூற்றாண்டின் பேரரசு ஆணை ஒன்று, தப்பியவனுக்கு உரிய தண்டனையையே சிறைப் பொறுப்பாளரும் ஏற்க வேண்டும் என்றது. அப்போது பேரரசர்கள் கிறிஸ்தவராக இருந்தனர் என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது.

தப்பிச் செல்வது பாவமா? 13ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் இவ்வினாவை நேராக எதிர்கொண்டார். நீதியாக மரண தண்டனை பெற்றவன் காவலரை எதிர்த்துப் போராடலாகாது. அது நீதியான அதிகாரத்தோடு போரிடுவதாகும். ஆனால், தண்டனையை ஏற்கும்படி தீர்ப்பளிக்கப்பட்டானேயன்றி, தன்னைத் தானே சாவுக்குக் கொடுக்கும்படி எவனும் தீர்ப்பளிக்கப்படுவதில்லை. ஆகவே ஓட வழியிருந்தால், தங்கியிருக்க அவன் கடமைப்பட்டவன் அல்லன் என்றார். பட்டினியால் சாகும்படி தீர்ப்புப் பெற்றவனுக்கு ஒருவர் மறைவாக உணவு கொடுத்தால், அதை உண்பதும் பாவமன்று என்று அவர் உவமை காட்டினார். செர்மனி நாட்டுச் சட்டத்தில் இன்றும் இவ்வெண்ணத்தின் சாயல் உண்டு. பிறரைத் தாக்காமல் தனியே தப்பும் கைதியின் செயல் அங்கே தனிக் குற்றமன்று, தப்புவிப்பவரே குற்றவாளி.

நம் நாட்டின் நிலை வேறு. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 224ஆம் பிரிவு, சட்டப்படியான காவலிலிருந்து தப்புவதற்கு இரண்டாண்டு வரை சிறை என்றது. அசட்டையால் தப்பவிட்ட அரசு ஊழியருக்கு 223ஆம் பிரிவு இரண்டாண்டு வரை வெறுங்காவல் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 262, 261ஆம் பிரிவுகளாக உள்ளன. காவலர் இன்று தம் தவற்றுக்கே பொறுப்பேற்கிறார். கைதியின் தண்டனையை அப்படியே சுமப்பதில்லை. அகிரிப்பாவின் காலத்திலிருந்து மானிடம் வெகுதூரம் வந்திருக்கிறது.

ஆனால் வந்த வழியே திரும்பவும் மானிடத்துக்குத் தெரியும். 1941 ஜூலை இறுதியில் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கைதி ஒருவரைக் காணவில்லை. அதற்கு ஈடாக, அவர் தங்கியிருந்த பகுதியிலிருந்து பத்துப் பேரைப் பட்டினியால் கொல்லத் தேர்ந்தனர். இம்முறை பழி காவலர்மேல் விழவில்லை; உடன்கைதிகள்மேல் விழுந்தது. அவர்களுள் ஒருவரான பிரான்சிஸ்செக் கயோனிச்செக், தம் மனைவி மக்களை எண்ணிக் கதறினார். வரிசையிலிருந்து ஒரு பிரான்சிஸ்கன் குரு முன்வந்து, அவருக்குப் பதிலாகத் தம்மைக் கொடுத்தார். அவரே மாக்சிமிலியன் கோல்பே. இரு வாரங்களுக்கு மேல் உணவின்றியும் உயிர் நீங்காத அவரை, ஆகஸ்ட் 14 அன்று நச்சு ஊசியால் கொன்றனர். 1982இல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டபோது, உயிர் பிழைத்த அந்த மனிதரும் உரோமையில் இருந்தார்.

ஒருவர் தப்பியதற்கான விலையை யார் கொடுப்பது? அகிரிப்பா அதைக் காவலரிடம் வசூலித்தான். கப்பலில் இருந்த வீரர் கைதிகளிடம் வசூலிக்கத் துணிந்தனர். பவுல் பிறரைக் கொடுக்க விடாமல் சிறையிலேயே தங்கினார். கோல்பே தாமே கொடுத்தார். நாம் அனைவரும் தப்புவதற்கான விலையை ஒருவர் சிலுவையில் கொடுத்தார் என்பதன்றோ நம் விசுவாசம்!

அன்று அந்தக் காவலருக்கு நாம் சொல்லக்கூடியது மிகக் குறைவாகவே இருந்தது. வானதூதர் செய்தது குற்றமன்று. விசாரித்த பின்னும் கொல்ல ஆணையிட்ட மன்னன் செய்ததே குற்றம் என்றோம். அவர் தலையசைத்தார். பிறகு, "அவங்களுக்காக ஒரு பூசை வைக்கலாமா, சாமி?" என்று கேட்டார். மறுநாள் காலைத் திருப்பலியைப் பெயர் தெரியாத அக்காவலருக்காக ஒப்புக்கொடுத்தோம். அன்று முதல், ஜூன் 29 அன்று 11ஆம் வசனத்தில் வாசகம் நின்றாலும், நம் மன்றாட்டு 19ஆம் வசனம்வரை செல்கிறது.